கிரேக்கத் தீவும் இன்னொருக்கால் கேட்காத பெரியம்மாவும்

வெளியே முழங்காலளவு பனி கிடக்கும்போது வெயிலுக்குப் பூசுகிற சன் கிறீமின் மணம் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால், மில்லிக்கனில் என் பெரியம்மா வீட்டுக் குளியலறை மாதிரி இருக்கும் என்பேன். தேங்காயும் வனிலாவும் கலந்த மணம். பெரியம்மாவின் மகள் கீர்த்தனா, என்னைவிடச் சில மாதங்களே மூத்தவள், கதவைச் சாத்திவிட்டு அந்தக் குப்பியைத் திறந்து தன் மூக்கில் ஒரு பொட்டு வைத்துக்கொண்டாள். எனக்கு மணக்க மட்டும் தந்தாள், பூசத் தரவில்லை. "இது கிரீசுக்கு" என்றாள். இத்தனை வருடங்கள் போன பிறகும் பிளாசா மருந்துக்கடையில் அந்த மணம் வந்தால் எனக்கு வயிறு எரிகிறது. எரிகிறது என்றால் எரிகிறதுதான். நல்ல வார்த்தை போட்டு இதைப் பூசி மெழுகுகிற உத்தேசம் எனக்கு இல்லை.

எனக்கு அப்போது பத்து வயது. நாங்கள் நகரத்தின் மறுகோடியில், ரெக்ஸ்டேலில் ஓர் அப்பார்ட்மென்ற்றில் இருந்தோம். அவர்கள் மில்லிக்கனில், பின்வளவும் கராஜும் உள்ள சொந்த வீட்டில். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா, அப்பா, நான் மூவருமாக அங்கே போவோம். பெரியப்பா ஒட்டுத்தாள் அச்சடிக்கும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தார். அங்கே அவருடைய மேலாளர் ஒரு கிரேக்கர், ஏதோ ஒரு சின்னத் தீவில் தகப்பன் விட்டுப்போன வீடு ஒன்று பூட்டிக் கிடக்கிறது, கோடையில் பிள்ளைகளோடு போய் இருந்துவிட்டு வாருங்கள், யன்னல்களைத் திறந்து எலுமிச்சைக்குத் தண்ணீர் விட்டால் போதும் என்று சொல்லியிருந்தார். பெரியப்பா இதை ஒரு பகிடியாகத்தான் வீட்டில் வந்து சொன்னார். பெரியம்மா சிரிக்கவில்லை. வங்கியில் வேலை செய்தவர் அவர். கூட வேலை செய்யும் வெள்ளைக்காரப் பெண்கள் விடுமுறை முடிந்து முகம் சிவந்து வந்து கதை சொல்வதை ஒவ்வொரு கோடையும் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டிருப்பார் போல.

அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் பயணம் போவதென்றால் சொந்தக்காரர் வீட்டுக்குப் போவது. லண்டனில் மாமி, பாரிசில் சித்தப்பா, ஜெர்மனியில் அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கை. அவர்களுடைய சோபாவில் படுத்து, அவர்கள் கூட்டிக்கொண்டு போகிற சாமத்தியவீடு, கலியாணவீடுகளுக்கெல்லாம் போய்ச் சேலை காட்டி, கோபுரமோ கோட்டையோ ஒன்றின் முன்னால் ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பி வருவதுதான் விடுமுறை. அதனால் பெரியம்மா யாருக்குச் செய்தியைச் சொன்னாலும் முதல் கேள்வி ஒன்றாகவே இருந்தது: "அங்க ஆர் இருக்கினம்?" ஒருத்தரும் இல்லை என்று பெரியம்மா சொல்வார். உடனே மறுமுனை, "ஒருத்தருமில்லையோ? அப்ப ஆர் எயர்போட்டுக்கு வருவினம்?" என்று கேட்கும்.

என் அப்பா இதில் எல்லோருக்கும் மேலே. அவர் யாழ்ப்பாணத்துத் தீவொன்றில் பிறந்தவர். "தீவை விட்டு வெளிய வாறதுக்குத்தான் சனம் காசு குடுக்கிறது. உள்ள போறதுக்கும் குடுப்பினமோ?" என்றார். மேசையைச் சுற்றியிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு அப்பா மேல் ஆத்திரமாக வந்தது. நான் சோற்றைக்கூட மறந்து ஆசைப்படுகிற ஒன்றை இந்த மனிதர் இப்படி நக்கலடிக்கிறாரே!

திட்டம் என்றால் அப்படி ஒரு திட்டம். சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்து, நாலு மூலைக்கும் ரீக்கோப்பைகளை வைத்து, பெரியப்பா கப்பல் வருகிற துறைமுகத்தை எங்களுக்குக் காட்டுவார். கீர்த்தனாவின் தம்பி கோபிக்குத் தண்ணீர் என்றால் பயம், அவனை என்ன செய்வது? அங்கே பால் எப்படி இருக்கும், வயிற்றைக் குழப்பினால் டொக்டர் இருப்பாரா? பெரியம்மாவின் பெட்டியில் ரைஸ் குக்கர் ஏறியது, பருப்பு ஏறியது, மிளகாய்த்தூள் ஏறியது, கடைசியில் தகரத்தில் அடைத்த ரின்மீன் பேணிகளும் ஏறின. சுற்றிவரக் கடல் உள்ள இடத்துக்கு ரின்மீன்! "பிள்ளையள் உதுகளின்ர மீனைத் தின்னாதுகள்" என்றார் பெரியம்மா. இதையெல்லாம் நான் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த வீட்டின் யன்னல்கள் நீலம் என்பதும், மேல்மாடி அறையில் பெண்பிள்ளைகளுக்கு இரண்டு கட்டில்கள் உண்டு என்பதும் எனக்குத் தெரியும். கீர்த்தனாவுக்கு ஒன்று. அப்படியானால் மற்றது?

அந்தக் கேள்விக்குப் பதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தானாக வந்தது. ரீ ஊற்றிக்கொண்டிருந்த பெரியம்மா என்னைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் சொன்னார்: "எடியே, இவளும் எங்களோட வரட்டுமே. கீர்த்தனாக்கும் துணை. ரிக்கெற்றை நாங்கள் பாப்பம்." எனக்கு வாய் நிறைய, பெரியம்மா பொரித்த ரோல்ஸ். மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. அம்மா உடனே, "சீச்சீ, வேண்டாம் அக்கா. உங்களுக்கேன் வீண் கரைச்சல்" என்றாள்.

இதை வாசிக்கிற எங்கள் ஆட்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இது மறுப்பே இல்லை. எங்கள் வீடுகளில் எதையும் கேட்டவுடன் ஓம் என்பது மரியாதைக் குறைவு. பசியில் காது அடைத்தாலும், சாப்பிடக் கூப்பிட்டால் "இப்பத்தான் சாப்பிட்டனாங்கள்" என்று சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் கையைப் பிடித்து இழுத்து, "உந்தக் கதையை விட்டுட்டு வாங்கோ" என்று இன்னொருக்கால் கேட்க வேண்டும். அதன்பிறகு வேண்டாவெறுப்பாக எழும்பிப் போய் மூன்று தரம் சோறு போட்டுச் சாப்பிடலாம். பத்து வயதிலேயே எனக்கு இந்தச் சட்டம் தண்ணிபட்ட பாடு. ஆகவே நான் கலங்கவில்லை. ரோல்ஸை ஆறுதலாக மென்றபடி, பெரியம்மா இன்னொருக்கால் கேட்பதற்காகக் காத்திருந்தேன்.

பெரியம்மா "சரி அப்ப" என்று சொல்லிவிட்டு அப்பாவிடம் சீனிப் போத்தலை நீட்டினார்.

பெரியம்மா வேலை செய்த வங்கியில் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது என்று பின்னாளில் புரிந்துகொண்டேன். அன்று புரியவில்லை. அடுத்த கிழமை கேட்பார் என்று நினைத்தேன். ஒவ்வொரு ஞாயிறும் நெடுஞ்சாலையில் காரின் பின்னிருக்கையிலிருந்து, இன்றைக்குக் கேட்பார், இன்றைக்குக் கட்டாயம் கேட்பார் என்று முணுமுணுத்துக்கொண்டு போவேன். அம்மாவும் காத்திருந்தாள். எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஒருநாள் அவள் எனக்குப் பாவாடை வைத்த நீச்சல் உடுப்பு ஒன்று வாங்கி வந்தாள். "சும்மா, மலிவாக் கிடந்தது" என்று சொல்லி அதை அலுமாரியில் தன் சேலைகளுக்கு அடியில் வைத்தாள். பெரியம்மா வீட்டிலும் கதையைச் சுற்றிச் சுற்றி அங்கேயே கொண்டுவந்து விடுவாள். "அங்கத்தை வெயில் பிள்ளையளுக்கு ஒத்துக்கொள்ளுமோ அக்கா?" பெரியம்மாவோ வெயிலைப் பற்றி மட்டும் பதில் சொல்வார். பொறுக்க முடியாமல் நான் ஒருநாள், "அம்மா, நீங்களே பெரியம்மாட்டக் கேளுங்கோவன்" என்றேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை! "கேட்டுப் போறதோ? வெக்கமில்லையே உனக்கு?"

பனி கரைந்து புல் முளைத்த ஒரு ஞாயிறு நாங்கள் உள்ளே போனபோது, மேசையில் என் கதிரையில் வேறொரு பிள்ளை இருந்தாள். மூக்கில் சன் கிறீம் பொட்டு. பெரியப்பாவின் தங்கை மகள் துஷாரா, ஒஷாவாவில் இருப்பவள். அவளை எப்போதாவது கலியாணவீட்டில் கண்டதுதான். பெரியம்மா ஒருக்கால் கேட்டாராம். கேட்டு முடிப்பதற்குள், "ஓம் அண்ணி, அதுக்கென்ன, கூட்டிக்கொண்டு போங்கோ" என்றாராம் துஷாராவின் அம்மா. அவ்வளவுதான். கட்டில் போய்விட்டது. திரும்பி வரும் வழியில் அம்மா, "கேட்ட உடனை ஓமாம். காணாததைக் கண்டதுகள்" என்றாள்.

துஷாராவுக்குக் கொப்புளிப்பான் வர வேண்டும் என்று நான் பிள்ளையாரிடம் மன்றாடினேன். முகம் முழுக்க வர வேண்டும், கப்பல்காரன் பார்த்துவிட்டு இறக்கிவிட வேண்டும் என்று விவரமாகவே கேட்டேன். பிள்ளையாருக்கு அந்தக் கோடையில் வேறு வேலை இருந்தது போல. அவர்கள் போனார்கள், இருந்தார்கள், கருகிப்போய்த் திரும்பி வந்தார்கள். "ஐயோ, பிள்ளையள் கரிக்கட்டையா வந்திருக்குதுகள்!" என்று அம்மா வாயில் கை வைத்தாள். எனக்கு அந்தக் கறுப்பின் மீதும் பொறாமை. கீர்த்தனா தோளைக் குலுக்கி, "போரிங். ரீவீயும் இல்லை, ஒவ்வொரு நாளும் சோறும் ரின்மீனும்" என்றாள். அலுத்துக்கொள்ளவாவது நான் போய்ப் பார்த்திருக்க வேண்டாமா? படங்களில் ஒன்றில் நீல யன்னலுக்குக் கீழே, நனைந்த தலையோடு, துஷாரா ஒரு கட்டிலின் விளிம்பில் இருந்து சிரித்தாள். என் கட்டில். மற்றப் படங்கள் எனக்கு நினைவில்லை. நீச்சல் உடுப்பை அப்பார்ட்மென்ற்றின் கீழ்த்தள நீச்சல் குளத்துக்குப் போட்டுப் போனேன். அடுத்த கோடைக்கு அது அளவில்லை.

இந்தக் குளிர்காலத்தில், இதே மில்லிக்கனில், என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அதே தீவு திறந்து கிடக்கிறது. வரைபடம் இல்லை, மடிக்கணினிதான். மகனுக்கு வைஃபை நல்லதாக இருக்க வேண்டும், மகளுக்கு இரண்டு நீச்சல் குளம் போதாது. போவதற்கு முன்பே அலுத்துப்போன இந்த இரண்டு முகங்களையும் பார்க்க எனக்கு, பெற்ற தாய்க்கு, பொறாமை பொத்துக்கொண்டு வருகிறது. ரின்மீனைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. "அங்க ஆர் இருக்கினம்?" என்று கேட்பதற்கு அம்மா ஒருத்திதான் மிச்சம். சொன்னவுடன் தொலைபேசியில் கேட்டாள்.

போன ஞாயிறு கீர்த்தனா தன் மகள் மாயாவோடு வந்திருந்தாள். மாயாவுக்குப் பத்து வயது. ரீ ஊற்றிக்கொண்டே நான் சொன்னேன்: "மாயாவும் எங்களோட வரட்டுமே, கீர்த்தனா." இதைச் சொல்ல எனக்கு எவ்வளவு காலம் எடுத்தது என்று அவளுக்குத் தெரியாது. கீர்த்தனா கையை வீசி, "சீச்சீ, வேண்டாமடி. உனக்கேன் வீண் கரைச்சல்" என்றாள். அச்சு அசல் என் அம்மாவின் குரல்! நான் கேத்தலைக் கீழே வைத்தேன். இன்னொருக்கால் கேட்க வாயைத் திறந்தேன். எப்படிக் கேட்க வேண்டும், எந்த இடத்தில் அவள் கையைப் பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

"நோ அம்மா, ஐ வான்ற் ரு கோ" என்றாள் மாயா, கைத்தொலைபேசியிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தாமல். "நான் வாறன் சித்தி."

கீர்த்தனா அவளுடைய தொடையில் நுள்ளினாள். "காணாததைக் கண்டது மாதிரி..." என்று தொடங்கினாள். அதற்குள் என் மகள் மடிக்கணினியில் விடுதி அறையை மாற்றி, மாயாவுக்கும் ஒரு கட்டில் போட்டுவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இன்னொருக்கால் கேட்பதற்கென்று நான் இத்தனை காலம் வைத்திருந்த சொற்களுக்கு அந்த மேசையில் வேலையே இருக்கவில்லை. இனி எந்த மேசையிலும் இருக்கப் போவதில்லை.

துஷாரா மேல் இருந்த எரிச்சல் அந்த இடத்திலேயே தணிந்துபோனது. அது அப்படியே இடம் மாறி மாயாவின் மேல் வந்து உட்கார்ந்தது. அவளுக்குக் கிடைத்த கட்டிலுக்காக இல்லை. நானும் போகத்தானே போகிறேன். அவள் சொன்ன அந்த "வாறன்" இருக்கிறதே, அதற்காக. அதே வயதில், அதே போன்ற ஒரு மேசையில், எனக்கும் அந்தச் சொல் நாக்குவரை வந்தது. ரோல்ஸோடு சேர்த்து விழுங்கிவிட்டேன்.