வாந்தி வராமல் மலை ஏறுவது எப்படி?

போன வருடம் ஆடி மாதம். மலையில் ஏலக்காய் எடுப்பு தொடங்கியிருந்த நேரம். போடிநாயக்கனூரிலிருந்து விடிந்ததும் கிளம்பும் ஜீப்பில்தான் நாங்கள் எஸ்டேட்டுக்குப் போவோம். காய்ந்த ஏலக்காயைத் தரம் பார்த்துப் பொறுக்குவது என் வேலை. இருபது வருடமாக அதே மலை, அதே கொண்டை ஊசி வளைவுகள். டிரைவருக்குப் பக்கத்து சீட்டு என்னுடையது. யாரும் எனக்கு எழுதிக் கொடுக்கவில்லை, ஆனால் வேறு யாரும் அதில் உட்காரவும் மாட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதுரையில் படிக்கும் மகள் போன் செய்தாள். நாற்பது வயதைத் தாண்டிய ஒருவரிடம், மற்றவர்களுக்குச் சொல்லித்தர அவருக்கு என்ன தெரியும் என்று கேட்டு வரச் சொன்னார்களாம் கல்லூரியில். "உனக்கு என்னம்மா தெரியும்? யோசிச்சுச் சொல்லு" என்றாள். அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள், எனக்குத்தான் சுருக்கென்றது. சமையல் என்றேன். எல்லா அம்மாவும் அதைத்தான் சொல்வார்கள், வேறு சொல்லு என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன்.

அந்த வாரம்தான் ராசிங்காபுரத்திலிருந்து ஒரு பெண் காய் எடுக்கப் புதிதாக வந்தாள். முப்பது வயது இருக்கும். மலை ஏறிப் பழக்கமில்லை. ஆரம்ப வளைவிலேயே வாந்தி, எதிரே இருந்தவரின் சாப்பாட்டுப் பைமேல். மறுநாளும் அப்படியே. ஜீப்பை நிறுத்திக் கழுவிய டிரைவர் தம்பி, "நாளைக்கும் இப்படின்னா ஏத்த மாட்டேன்க்கா. இத்தன பேரு சோத்தக் கெடுக்க முடியாது" என்று சொல்லிவிட்டான். அவன்மேலும் தப்பில்லை.

சாயங்காலம் ஜீப்பை விட்டு இறங்கியதும் அவள் என்னிடம் வந்தாள். வீட்டுக்காரர் மரத்திலிருந்து விழுந்து, கால் ஒடிந்து படுத்திருக்கிறாராம். ஊரில் அப்போது வயல்காட்டு வேலையும் இல்லை. "எனக்கு இந்த மலை ஒத்துக்கிரலக்கா. நாளைலருந்து வரல" என்று அழுதாள்.

"நீ வர்ற. நானும் மொத வருசம் பூராம் வாந்தி எடுத்தவதான். ஒன்னைய வாந்தி இல்லாம மேல கொண்டு போயி விடுறது என் சோலி" என்றேன். சொன்ன பிறகுதான், மகளுக்குச் சொல்ல வேண்டிய பதில் இதுதானே என்று தோன்றியது.

மறுநாள் என் சீட்டை அவளுக்குக் கொடுத்தேன். வெறும் வயிற்றோடு வராதே, இட்லி மட்டும் அளவாகச் சாப்பிடு, பள்ளத்தைப் பார்க்காதே, வரப்போகிற வளைவைப் பார், டிரைவர் சாயும் பக்கம் நீயும் சாய் என்று பெரிய வாத்தியார் மாதிரி சொல்லிவிட்டு, பின்னால் போய்ப் பக்கவாட்டு சீட்டில் உட்கார்ந்தேன். அவள் முகம் வெளிறியதோடு சரி, மேலே போய்ச் சேர்ந்துவிட்டாள். பாதி மலையில் வாந்தி எடுத்தது நான்தான். ஜீப்பே சிரித்தது. "யக்கா, ஒங்களுக்கே டியூசன் வேணும் போலயே" என்றான் டிரைவர். எனக்கு மானமே போய்விட்டது. இத்தனை வருடம் என் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்திருந்ததில் பாதி, அந்த முன் சீட்டு செய்த வேலை.

விட்டுவிட மனம் வரவில்லை. என்மேலேயே கோபம் வந்தது. முன் சீட்டு ஒன்றுதான், பின்னால் போகிறவர்கள்தான் அதிகம். அங்கே உட்கார்ந்து போகத் தெரியாமல் நான் யாருக்கு என்ன சொல்லித்தருவது? அடுத்த நாள் என் சீட்டை முழங்கால் வலிக்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, நாங்கள் இருவரும் பின்னால் கடைசியில் உட்கார்ந்தோம். "பிளாஸ்டிக் கவரு வச்சிருக்கேன் தம்பி, வண்டியில ஒரு சொட்டு விழாது. அதுக்கு நான் பொறுப்பு" என்று டிரைவரைச் சம்மதிக்க வைத்தேன்.

கண்ணை மூடிப் பார்த்தோம், இன்னும் மோசம். எலுமிச்சம்பழத்தை முகர்ந்து பார்த்தோம். ஏலக்காயை வாயில் அடக்கிப் பார்த்தோம், அந்த வாசனைக்கே அவளுக்குக் குமட்டியது. போவதே அதை எடுக்கத்தான், பாவம். தினமும் கவரோடு போய், முகத்தைக் கழுவிக்கொண்டு வேலையில் இறங்கினோம்.

ஒரு நாள் ஜீப்பின் திறந்த பின்பக்கத்தைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தேன். ஏறி வந்த ரோடு கீழே மடிந்து மடிந்து கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டு வந்தேன். கொஞ்ச நேரத்தில் வயிறு அடங்கியது. "ஏத்தா, இங்கிட்டுத் திரும்பு. கம்பியக் கெட்டியாப் புடிச்சுக்க. தாண்டி வந்த வளைவ மட்டும் பாரு" என்றேன். அன்றைக்கும் அவளுக்குக் கவர் தேவைப்பட்டது, ஆனால் உச்சிக்குக் கிட்டே போன பிறகுதான். அடுத்தடுத்த நாட்களில் கவர் மடித்தபடியே இருந்தது.

பிறகு ஒரு காலையில் போடிமெட்டு டீக்கடை முன்னால் ஜீப் நின்றது. மலையில் பச்சைத் தண்ணீர்கூட வாயில் வைக்காதவள், "யக்கா, டீ சொல்லவா? எனக்கு ஒரு வடையும் வேணும்" என்றாள். "வடையா?" என்று டிரைவர் தம்பி பயந்து திரும்பிப் பார்த்தான். அவள் நிதானமாகத் தின்று முடித்தாள். எஸ்டேட் வரைக்கும் ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தக் காய் எடுப்பு முடியும்வரை அவள் வேலையை விடவில்லை.

மகளுக்குப் போன் செய்து, "எனக்குச் சொல்லித்தர ஒண்ணு தெரியும், எழுதிக்க" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். கல்லூரியில் சொன்னாளோ இல்லையோ, தெரியாது.

இப்போதும் நான் பின்னால்தான் உட்காருகிறேன், புதிதாக வருகிறவர்கள் என் பக்கத்தில் உட்காருவார்கள். முன்னால் என்ன வருகிறது என்று தெரியாத நேரத்திலும், தாண்டி வந்ததைப் பார்த்துக்கொண்டே மேலே ஏறிவிடலாம் என்று நாற்பத்தாறு வயதில் கற்றுக்கொண்டது, அந்த மலையைத் தாண்டி மற்ற நேரங்களிலும் எனக்கு உதவுகிறது.