சித்தப்பாவின் ஆறு சக்கரப் படகு

அந்தப் பொருளை லாரியிலிருந்து இறக்கியபோது எங்கள் குப்பத்தில் நாய்கள்கூடக் குரைக்கவில்லை. அவற்றுக்கும் அது என்னவென்று புரியாமல் வாயடைத்துப் போயிருக்க வேண்டும். மஞ்சள் நிறத்தில், நாலு பேர் உட்காரும் அளவுக்கு ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டி. அதன் இரண்டு பக்கமும் மூன்று மூன்றாகக் குண்டுச் சக்கரங்கள். ஸ்டியரிங் கிடையாது. அது இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு இரும்புப் பிடிகள் நீட்டிக்கொண்டிருந்தன. அதற்குள்ளே உட்கார்ந்து, ஊர்வலத்தில் வரும் சாமியைப் போலச் சிரித்துக்கொண்டே வந்து இறங்கினார் என் சித்தப்பா.

சித்தப்பா அப்பாவின் ஒரே தம்பி. திருவொற்றியூரில் கண்டெய்னர் லாரிகளைப் பழுது பார்க்கும் ஷெட்டில் மெக்கானிக். ஓடாத எதைப் பார்த்தாலும் அவருக்கு மனசு இளகிவிடும். எங்கள் வீட்டின் பின்புறம் ஏற்கெனவே அவர் கொண்டுவந்து போட்ட ஓடாத மொபெட்டும் ஓடாத வாஷிங் மெஷினும் கிடந்தன. இந்தப் புதிய விருந்தாளியை ஒரு காயலான் கடையில் கண்டிருக்கிறார். ஏதோ ஒரு கம்பெனி கழிமுகத்தை அளப்பதற்காக வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, உப்புக்காற்றில் வீணாய்ப் போனதும் தலைமுழுகிய வண்டியாம்.

"அண்ணி, இது தரையில போவும், சேத்துல போவும், தண்ணியிலயும் போவும்" என்றார் அம்மாவிடம்.

அம்மா மீன் அரிந்த கத்தியோடு எழுந்து வந்து அதை ஒரு சுற்றுச் சுற்றினாள். "இப்போ எதுல போவும்?"

"இப்போ எதுலயும் போவாது அண்ணி."

தெருவே சிரித்தது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து அந்தச் சக்கரங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பத்து வயதான எனக்கு அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

அதற்குக் காரணம் எங்கள் ஆறு. எண்ணூரில் கடலுக்குப் போகிறவர்கள் வேறு, ஆற்றில் இறால் பிடிக்கிறவர்கள் வேறு. அப்பா ஆற்றுக்காரர். விடியற்காலையில் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு கரையில் நிற்பார். எங்கள் சின்ன ஃபைபர் படகின் பின்னடியில், தேங்கிய தண்ணீர் வடிவதற்கு ஒரு துளை உண்டு. அம்மா குனிந்து, மரத்தக்கையில் துணியைச் சுற்றி, அந்தத் துளையில் வைத்துக் கல்லால் நாலு தட்டுத் தட்டி அடைப்பாள். விரலால் தடவிப் பார்த்துவிட்டு "போ" என்பாள். அப்புறம்தான் படகு இறங்கும். கல்யாணமான நாளிலிருந்து அது அம்மாவின் வேலை.

ஆனால் படகு போக வேண்டிய ஆறு வருஷத்துக்கு வருஷம் மேடாகிக்கொண்டே வந்தது. அனல்மின் நிலையத்துச் சாம்பல் வந்து படிந்து படிந்து, இறால் கிடைக்கிற மேற்குப் பக்கம் முழுவதும் சாம்பல் நிறச் சேறாகிவிட்டது. படகுக்கு அது தரை, காலுக்கு அது தண்ணீர். முந்தின வருஷம் அப்பா அதில் இறங்கி இடுப்புவரை புதைந்துவிட்டார். கயிறு வீசி ஏழெட்டுப் பேர் இழுத்து வெளியே எடுத்தார்கள். அம்மா அன்று கரையில் நின்று கத்தவும் இல்லை, அழவும் இல்லை. அவள் கை என் தோளைப் பிடித்த பிடியில் தோள் கன்றிப்போயிருந்ததை மறுநாள்தான் பார்த்தேன். அப்பாவின் கால்களில் வந்த புண்கள் அதன் பிறகு ஆறவே இல்லை. தினமும் அம்மா மருந்து தடவுவாள், தினமும் அவர் அதே சேற்றில் போய் நிற்பார்.

தெரிந்தவர்களிடம் சொல்லி, மீஞ்சூர் பக்கத்தில் ஒரு கண்டெய்னர் யார்டில் அப்பாவுக்குக் காவலாளி வேலைக்கு ஏற்பாடு செய்து வைத்திருந்தாள் அம்மா. அப்பா பிடி கொடுக்கவே இல்லை. சட்டையை இன் பண்ணிக்கொண்டு கேட்டருகில் நாற்காலி போட்டு உட்காருவதா என்று ஒரே பிடிவாதம். இந்த ஆறு சக்கர வண்டி வந்ததும் அவருக்குத் தெம்பு வந்துவிட்டது.

"இது ஓடிச்சின்னா நான் ஆத்த வுட்டு எங்கியும் வர மாட்டேன். ஓடலன்னா நீ சொல்ற எடத்துக்குச் சட்டைய மாட்டிக்கினு போறேன். போதுமா?" என்றார் அம்மாவிடம்.

"சரி" என்றாள் அம்மா. அவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் சரி சொல்லி நான் கேட்டதில்லை.

மழைக்காலம் முழுக்க வேலை நடந்தது. பூவரச மரத்தடியில் தார்ப்பாய் கட்டி, ஷெட்டிலிருந்து வந்த கையோடு சித்தப்பா வண்டிக்கு அடியில் படுத்துவிடுவார். இஞ்சின் இறுகிப்போயிருந்தது. அதைத் தூக்கி எறிந்துவிட்டு, பழைய ஷேர் ஆட்டோவின் டீசல் இஞ்சினைக் கொண்டுவந்து வைத்தார். சக்கரங்களைச் சுற்றும் சங்கிலிகள் துருவேறி ஒரே கட்டியாகியிருந்தன. மோட்டார் சைக்கிள் சங்கிலிகளை வெட்டி இணைத்தார். தொட்டியில் இருந்த விரிசல்களை ஒட்டுவதற்கு, தெருவில் பிளாஸ்டிக் குடம் ஒட்டிக்கொண்டு போகிறவரைப் பிடித்து வந்தார். சூட்டுக்கோலோடு வந்த அந்த மனிதர் வண்டியைப் பார்த்ததும், தனக்குக் குடம்தான் பழக்கம் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போகப் பார்த்தார். டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தோம். தண்ணீர் வடிவதற்கென்று கம்பெனிக்காரன் அடியில் வைத்திருந்த துளையையும் சேர்த்து அடைக்கச் சொன்னார் சித்தப்பா. வண்டியில் ஓட்டை என்கிற பேச்சே இருக்கக் கூடாது என்பது அவர் கட்சி.

இஞ்சின் முதன்முதலில் உறுமிய அன்று தெரு முழுக்கக் கரும்புகை. இரண்டு பிடிகளில் எதைத் தள்ளினால் எந்தப் பக்கம் திரும்பும் என்று சித்தப்பாவுக்கும் தெரியவில்லை. வண்டி நின்ற இடத்திலேயே கிறுகிறுவென்று சுற்றி, பக்கத்து வீட்டுக் குளியலறைத் தட்டியைப் பெயர்த்துக்கொண்டு நின்றது. உள்ளே குளித்துக்கொண்டிருந்த பெரியவர் சோப்பு நுரையோடு நின்ற நிலையை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. ஆனால் அப்பா பிடிகளைக் கையில் வாங்கியதும் வண்டி அடங்கிவிட்டது. இரண்டு துடுப்பு போடுகிற மாதிரிதான் என்றார். அன்றைக்கே எனக்கு நிச்சயமாகிவிட்டது, அப்பா ஆற்றை விட்டுப் போகப் போவதில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

தை பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளோட்டம். காலையில் ஆற்றில் நீர் ஏறியிருக்கும்போது இறக்கிவிடலாம் என்றார் அப்பா. அம்மா காலண்டரைப் பார்த்துவிட்டு, காலையில் நேரம் சரியில்லை, பதினோரு மணிக்கு மேல்தான் என்று அடித்துச் சொல்லிவிட்டாள். நல்ல நேரம் பார்க்கிற விஷயத்தில் அம்மாவோடு யாரும் மல்லுக்கு நிற்பதில்லை. நீர் வற்றத் தொடங்கிய பிறகு ஊரே கரையில் கூடியது. ஆறு சக்கரத்துக்கும் ஆறு எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, மாலை போட்டார்கள். கிளம்பும் நேரத்தில் அம்மா வழி மறித்தாள். வண்டியின் பின்னால் கயிறு கட்டி, அதன் மறுமுனையைக் கரையில் ஆட்கள் பிடித்துக்கொண்டால்தான் விடுவேன் என்றாள். மாட்டுக்குக் கட்டுகிற மாதிரி இதற்கும் கயிறா என்று ஆளாளுக்குக் கேலி செய்தார்கள். அம்மா நகரவில்லை. கட்டினார்கள்.

எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. வண்டி சரிவில் இறங்கி, அப்பாவை விழுங்கப் பார்த்த அதே சாம்பல் சேற்றின்மேல், சிமெண்டு ரோட்டில் போவதுபோலப் போனது. பிறகு கரை முழுக்க ஒரே விசில். சேற்றைத் தாண்டித் தண்ணீரில் இறங்கியது. மிதந்தது! சக்கரங்கள் சுற்றச் சுற்ற மெதுவாக முன்னால் நகர்ந்தது. சித்தப்பா எழுந்து நின்று இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். அப்பா திரும்பி எங்களைப் பார்த்துச் சிரித்தார். நான் குதித்த குதியில் என் செருப்பு ஆற்றில் போனது.

நடு ஆற்றில் ஒரு வட்டம் அடித்துத் திரும்பும்போது வண்டியின் பின்பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. அப்புறம் இன்னும் கொஞ்சம்.

"டேய், இது தண்ணிக்கு அடியிலயும் போவும் போலக் கீதுடா!" என்று பின்னாலிருந்து ஒருவர் வியந்தார். நானும் நம்பினேன். கைகூடத் தட்டினேன்.

கால் வைக்கும் பலகைக்கு அடியில் தண்ணீர் நிறைந்துகொண்டிருந்ததை உள்ளே இருந்தவர்கள் பார்க்கவில்லை. பலகை மிதந்து எழும்பியபோதுதான் சித்தப்பா அலறினார். இஞ்சின் இருமி நின்றது. மாலையோடும் குங்குமத்தோடும் எங்கள் வண்டி பின்பக்கமாக உட்கார்ந்து, மஞ்சள் மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றுவிட்டது. நீர் வற்றியிருந்ததால் ஆழம் மார்பளவுதான். அப்பாவும் சித்தப்பாவும் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொள்ள, கரையிலிருந்து இழுத்துச் சேற்றைத் தாண்டிக் கொண்டுவந்தார்கள். தலையிலிருந்து கால்வரை சாம்பலாக வந்து நின்ற இரண்டு பேரில் யார் அப்பா என்று எனக்கு ஒரு நிமிஷம் தெரியவில்லை. அழக்கூட வரவில்லை.

மாலைக்குள் வண்டியையும் இழுத்துப் போட்டார்கள். சித்தப்பா அதைக் கவிழ்த்துப் பார்த்தார். பின்னடியின் மூலையில், கட்டைவிரல் நுழையும் அளவுக்கு வட்டமாக, சுற்றிலும் கருகிய விளிம்போடு ஒரு ஓட்டை.

"எவன்டா போட்டான் இத?" சித்தப்பா ஓட்டைக்குள் விரலை விட்டுக் காட்டினார்.

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே முன்னால் வந்தாள். "நாந்தான். மீன் ஏத்தற வண்டிதானே? ஓட்ட இல்லன்னா ஐசு தண்ணி எங்க போவும்? நேத்து கம்பியக் காய்ச்சிப் போட்டேன்."

மீன் விற்கும் பெண்கள் புதுப் பிளாஸ்டிக் டப் வாங்கினால் முதல் காரியமாகப் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் அடியில் ஓட்டை போடுவார்கள். மீன்பாடி வண்டியானாலும் ஆட்டோவானாலும், மீன் ஏறினால் ஓட்டை உண்டு. எங்கள் ஊரில் அது எல்லாருக்கும் கைப்பழக்கம். அதை ஒருத்தி படகுக்கும் செய்துவிட்டாள் என்று புரிந்ததும் வெடித்தது பாருங்கள் ஒரு சிரிப்பு, ஆற்றின் அக்கரைக்கே கேட்டிருக்கும். சித்தப்பா மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அப்பா சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. முகத்தில் காய்ந்த சாம்பலோடு அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அந்தக் கயிற்றைப் பார்த்தார். மறுபடி அம்மாவைப் பார்த்தார்.

"வுடுங்கப்பா. அவளுக்கு இன்னா தெரியும்" என்றார்.

மறுநாள் திங்கட்கிழமை, நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு மீஞ்சூருக்கு பஸ் ஏறினார்.

அம்மாவுக்கு ஓட்டைக்காரி என்று பெயர் விழுந்தது. வருஷக்கணக்கில் அவள் மீன் கூடையோடு தெருவில் போகும்போதெல்லாம் யாராவது கூப்பிட்டுச் சீண்டுவார்கள். அவள் ஒரு சொல் திருப்பிச் சொன்னதில்லை. சித்தப்பா வண்டியின் சக்கரங்களையும் இஞ்சினையும் கழற்றி எடுத்துக்கொண்டார். வெறும் தொட்டியை அம்மா மீன் அலசுவதற்கு வைத்துக்கொண்டாள். அந்த ஓட்டை அதற்கு மிகவும் சௌகரியமாக இருந்தது. எனக்கோ அம்மாவின் மேல் ஆறாத கோபம். அதைவிட, அத்தனை பேர் முன்னால் அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று அப்பா சொன்னது எனக்கே அவமானமாக இருந்தது.

அப்பாவின் கால் புண்கள் அந்தச் சித்திரைக்குள் ஆறிவிட்டன. அதையும் நான் பார்த்தேன். நீர் வற்றட்டும் என்று அம்மா நேரத்தைத் தள்ளி வைத்ததையும், கயிறு இல்லாமல் விட மாட்டேன் என்று நின்றதையும், எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று பார்த்தவள்தான் நான். விடியற்காலைகளில் அவள் குனிந்து தக்கையை அடைத்து, விரலால் தடவிப் பார்த்து, "போ" என்று சொன்னதையும் பார்த்திருந்தேன். தண்ணீரில் இறங்குகிற ஒன்றுக்கு ஓட்டை என்ன செய்யும் என்று எங்கள் குப்பத்தில் அம்மாவுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. அது அப்பாவுக்கும் தெரியும். தெரிந்துதான் அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு சொன்னார் என்பது மட்டும் அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.