ஜிம்மி ஓடிய திசை

வெடித்து ஓய்ந்த சீனவெடியின் புகை வேலிக்கு மேலால் வருகிறது. பக்கத்து வளவில் பால் பொங்கிவிட்டது. எனக்கு மட்டும் அந்தப் புகைக்குள் ஒரு நாயின் நனைந்த மயிர் மணக்கிறது. யன்னலைச் சாத்துகிறேன், திறக்கிறேன், மறுபடி சாத்துகிறேன். இந்த வீட்டில் என்னைத் தவிர அந்த மணத்தை முகர்வதற்கும் ஆளில்லை.

சண்டை நின்ற பிறகு வந்த முதல் தைப்பொங்கல் அது. சண்டிலிப்பாயில் எங்கள் வளவில் வெகுகாலமாக யாரும் சீனவெடி கொளுத்தியதில்லை. வானத்திலிருந்து விழுந்தவையே போதுமாயிருந்தன. கொழும்பிலிருந்து வந்த மாமா அந்தக் குறையையெல்லாம் ஒரே காலையில் தீர்ப்பவர்போல ஒரு பை நிறையக் கொண்டுவந்திருந்தார்.

அம்மாவுக்கு ஜிம்மியை நினைத்துத்தான் கவலை. வெடிக்கு வெருண்டு, கொதிக்கும் பானையில் மோதும், றோட்டுக்கு ஓடி அடிபடும் என்று முதல்நாளே வாசல் படலையைக் கம்பியால் கட்டுவித்தார். விடிந்ததும் அண்ணை அவனை மாமரத்தில் சங்கிலி போட்டுக் கட்டினார். அண்ணை அடுத்த கிழமை வெளிநாடு போக இருந்தவர். ஜிம்மி அவருடைய நாய்.

மாமா சிரித்தார். “குண்டுக்குத் தப்பின நாய், உந்தச் சீனவெடிக்கோ பயப்பிடப் போகுது?”

பால் நுரைத்து எழுந்தது. முதல் சரம் வெடித்தது. புகை விலகியபோது மாமரத்தடியில் சங்கிலி கிடந்தது, கழுத்துப்பட்டி கிடந்தது, ஜிம்மி இல்லை.

எல்லோரும் படலைக்கு ஓடினோம். கம்பி கட்டியபடியே இருந்தது. நாய் நுழையக்கூடிய பொட்டு, ஓட்டை எங்கே என்று அப்பா வேலியோடு வேலியாகத் தேடினார். அண்ணை மட்டும் வீட்டுக்குப் பின்னால் கோடிப்பக்கம் ஓடினார்.

அங்கேதான் எங்கள் பங்கர். விமானச் சத்தம் கேட்டால் நாங்கள் பதுங்கிய குழி. முதலில் இறங்குவது எப்போதும் ஜிம்மிதான்; அண்ணையின் கால்களுக்கிடையில் அவனுக்கென்று ஓர் இடம் இருந்தது. இனி வேண்டாமென்று, மேலே அடுக்கியிருந்த பனங்குற்றிகளை அப்பா மாட்டுக்கொட்டிலுக்கு எடுத்துவிட்டார். மார்கழி மழையில் குழி நிரம்பியது. நான் கிட்டப் போகாதிருக்க மேலே தென்னோலைக் கிடுகு பரப்பியிருந்தார். ஜிம்மிக்கு அது பழைய கூரைபோலத் தெரிந்திருக்க வேண்டும்.

கிடுகு நடுவில் கிழிந்து உள்ளே போயிருந்தது. ஒரு சத்தமும் இல்லை. அண்ணை உடுப்போடு குதித்தார். கலங்கல் தண்ணீரிலிருந்து தூக்கிக் கரையில் போட்டபோது ஜிம்மி அசையவில்லை. அப்பா பின்னங்கால்களைப் பிடித்துத் தலைகீழாக உலுக்கினார். வாயால் தண்ணீர் போனது. பிறகு ஓர் இருமல். முற்றத்தில் பொங்கல் அடிப்பிடிக்கும் மணம் வந்தது; யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்போது அயல்வீட்டில் ஒரு சரம் வெடித்தது. ஜிம்மி தள்ளாடி எழுந்து மறுபடி குழியின் விளிம்புக்கே போனான். இறங்கவில்லை. எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக் குரைத்தான்.

“அவன் பயந்து ஓடேல்லை,” என்றார் அண்ணை. “எங்களை உள்ளை வரச்சொல்லுறான்.”

மாமா மிச்ச வெடிகளைப் பைக்குள் வைத்தார். அம்மா அண்ணையின் தலையைத் துவட்டத் தொடங்கினார். காய்ந்த பிறகும் துவட்டிக்கொண்டிருந்தார்.

போகுமுன் அண்ணையும் அப்பாவும் பங்கரை மண் போட்டு மூடினார்கள். அந்தப் புதுமண்ணில் ஜிம்மி போய்ப் படுத்தான்.

அண்ணையை ஏற்றிப்போகக் கொழும்பு வான் ஒழுங்கை முகப்பில் நின்றது. ஜிம்மியை எப்படிப் பார்க்கவேண்டுமென்று அண்ணை எனக்குச் சொல்லித் தந்தார். வெடி கேட்டால் கட்டக்கூடாது. அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தவேண்டும். றேடியோவைச் சத்தமாகப் போட்டுவிட்டுப் பக்கத்தில் இருக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் ஓம் என்றேன். அவன் கிழடாகிச் சாகும்வரை அப்படியே செய்தேன்.

அம்மா வானுக்குக் கிட்ட வரவில்லை. படலையைப் பிடித்தபடி நின்றார். வான் புறப்பட்டபோது அண்ணை தலையை வெளியே நீட்டினார்.

“பிள்ளை, அம்மாவையும் தனிய விட்டிடாதை.”

எனக்கு விளங்கவில்லை. வானோடு கூடவே ஓடிக்கொண்டு சொன்னேன்:

“அம்மாவுக்கு வெடிக்குப் பயமில்லைத்தானே, அண்ணை.”