வெள்ளவத்தையிலிருந்து சாச்சி வீட்டுக்கு

இதைப் படிப்பவர்கள் யாரிடமும் காட்டிவிடாதீர்கள். வெள்ளவத்தையில் என்னைத் தெரிந்தவர்கள் இருந்தால், தயவுசெய்து என் வாப்பாவிடம் மட்டும் சொல்லவேண்டாம். எல்லோரும் படுத்தபிறகு, போர்வைக்குள் ஃபோனை வைத்து எழுதுகிறேன்.

உம்மாவின் குடும்பம் 1990இல் மற்ற முஸ்லிம்களோடு புலிகளால் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டு, புத்தளம் பக்கத்தில் அகதி முகாமில் குடியேறியது. உம்மா கலியாணம் முடித்துக் கொழும்புக்கு வந்துவிட்டார். அவருடைய தங்கை, என் சாச்சி, அங்கேயே இருக்கிறார். இரண்டு வருடமாக எங்களுக்கும் சாச்சிக்கும் போக்குவரத்து இல்லை. ஏனென்று வீட்டில் யாரும் சொல்லவில்லை. போன சனிக்கிழமை, முழுநாள் செமினார் என்று சொல்லிவிட்டு நானே கிளம்பினேன்.

காலி வீதியில் ஐந்தரைக்குப் பஸ் ஏறி புறக்கோட்டை. அங்கிருந்து கற்பிட்டி பஸ். நீங்கள் போவதாக இருந்தால் இடப்பக்க ஜன்னலில் இருங்கள், வெயில் குறைவு. நீர்கொழும்பு தாண்டும்வரை, தெரிந்தவர்கள் யாரும் ஏறுகிறார்களா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு தென்னந்தோப்புகள் தொடங்க, பயம் கொஞ்சம் குறைந்துவிட்டது. ஒன்பது மணிபோல் பாலாவி தாண்டி, உப்பளங்களுக்கு அப்பால் இறங்கினேன். போகவர அறுநூறு ரூபாய் போதாது, இரண்டு மடங்கு வைத்திருங்கள்.

ஆட்டோக்காரரிடம் ஊர்ப்பெயர் சொன்னேன்.

“காம்புக்கா தங்கச்சி?”

“காம்ப் இல்ல நானா, வீடு,” என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னேன்.

அவர் சிரித்தார். “முப்பது வருஷத்துக்கு மேலாச்சு, கல்லு வீடும் கட்டியாச்சு, இன்னும் காம்ப் எண்டுதான் சொல்லுவாங்க. நானும் அங்க பொறந்தனான். நானும் அகதிதான்!”

சாச்சியின் வீட்டில் பாதிச் சுவர் கல், மீதி தகரம். வாசலில் ஒரு நீலக் கேன் இருந்தது. மணல் ஒட்டிய காலோடு உள்ளே போகக்கூடாதென்று, அதைச் சரித்து நன்றாகக் கால் கழுவினேன். சாச்சியின் மகள் ரிஃப்னா ஓடிவந்து பார்த்துவிட்டு இடுப்பில் கைவைத்தாள்.

“ஏய் கொழும்பு! அது குடிக்கிற தண்ணி! இண்டைக்கு எல்லாரும் உன்ட கால் கழுவின தண்ணியத்தான் குடிக்கோணும்.”

“வாயப் பொத்து புள்ள,” என்று சாச்சி அதட்டினார். ஆனால் அவரும் சிரித்துவிட்டார்.

அங்கே கிணற்றுத் தண்ணீர் உப்பு. குடிக்க, பள்ளிவாசலில் உள்ள ஃபில்டரில் பிடித்துவர வேண்டும். அதையும் மதியத்தோடு பூட்டிவிடுவார்கள். இருவரும் சைக்கிளில் கேன்களைக் கட்டித் தள்ளிக்கொண்டு போனோம்.

வழியில் ரிஃப்னா சொன்னாள், ஓ.எல். பரீட்சை நல்லாப் பாஸாம். ஆனால் உயர்தரத்தில் கணிதப் பிரிவு படிக்கப் பக்கத்தில் பாடசாலை இல்லை. விடுதிக்குக் கட்ட வசதியும் இல்லை. அடுத்த மாதத்திலிருந்து சாச்சியோடு வெங்காயத் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போகப்போகிறாள்.

“எங்கட வீட்டில நிண்டு படிக்கலாமே?” என்றேன்.

“எங்கட உம்மா ரெண்டு வருஷத்துக்கு முன்னமே ஒருக்கா கேட்டவ. வந்தா திரும்பிப் போகமாட்டாங்க, அகதிச் சாதி எண்டாராம் உன்ட வாப்பா. அதோட உம்மா கதைக்கிறல்ல.”

நான் தண்ணீர்க் கேனை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

ஆனாலும் அது நல்ல நாள். சோறும் மீன் ஆணமும், பொரித்த கத்தரிக்காயும். பாயில் மூன்று பேரும் படுத்துக் கதைத்தோம். புறப்படும்போது சாச்சி சின்ன வெங்காயம் ஒரு பை தந்தார். மாலை மஃரிப் தொழுகைக்குப் பிறகு வீடு சேர்ந்து, அதைச் சமையலறைக் கூடையில் கொட்டிவிட்டேன். உம்மா ஒன்றை எடுத்து முகர்ந்தார். எங்கே வாங்கியதென்று கேட்கவில்லை. எனக்கு ஒரு கோப்பை தேநீர் ஊற்றித் தந்தார்.

போகிறவர்களுக்கு: பழைய உடுப்பு கொண்டுபோகாதீர்கள், ஒரு கிலோ பேரீச்சம்பழம் போதும். காம்ப் என்று சொல்லாதீர்கள். எந்தக் கேனையும் தொடுமுன் கேளுங்கள்.

என் அறையில் இன்னொரு கட்டில் போட இடம் இருக்கிறது, அளந்து பார்த்துவிட்டேன். நாளைக் காலை வாப்பா கடைக்குப் போகுமுன் கேட்பேன்: “வாப்பா, ரிஃப்னா எங்கட வீட்டில நிண்டு படிக்கட்டும்.” போனதையும் சொல்லத்தான் வேண்டும். அடித்தாலும்—

கதவைத் தட்டும் சத்தம். வாப்பா. நாளைக்கு வேண்டாம், இப்பவே கே