பாளை விடாத மரத்தில் ஏறியவர்

1. முதல் டியூட்டி

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகிச் சில காலம் ஆகியிருந்தது. நர்சிங் முடித்த கையோடு என்னை, பெரியம்மை கண்டவர்களை வைக்கும் வைசூரி ஷெட்டுக்குப் போட்டுவிட்டார்கள். தக்கலைக்குத் தெற்கே, பனைகள் நிற்கும் ஒரு விளைக்குப் பக்கத்தில் ஓலை வேய்ந்த ஷெட் அது. சின்ன வயதிலேயே அம்மை குத்தியிருந்தது; அதற்கு மேல் தைரியம் என்று என்னிடம் ஒன்றும் இல்லை. கேட்டில் நின்ற அட்டெண்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்களாக்கும் புது நர்சம்மா? ஒரு வாரம் நிப்பியளா?"

எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்திலேயே கோடை முழுவதும் நின்றுவிட்டேன்.

ஷெட்டின் சட்டம் எளிது. நோயாளியோடு ஒருவர் இருக்கலாம். அவருக்கு வைசூரி ஏற்கெனவே வந்து போயிருக்க வேண்டும். உள்ளே வந்துவிட்டால் டாக்டர் சொல்லும்வரை வேலியைத் தாண்டக் கூடாது.

நேசம்மை அப்படி வந்தவள். என் வயதுதான் இருக்கும். முகமெல்லாம் பழைய தழும்பு. மூத்த மகன் ராசையா உடம்பெல்லாம் கொப்புளத்தோடு வாழையிலையில் கிடந்தான். அவள் வேப்பங்குழையால் வீசிக்கொண்டே இருப்பாள். பால்குடி மறக்காத கைப்பிள்ளையைக் கணவரிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். பால் கட்டி வலிக்கும்போது தட்டிப் பக்கம் திரும்பி உட்கார்ந்து பீய்ச்சிவிடுவாள். ஒரு முனகல் கேட்டதில்லை.

2. உச்சியில் ஒருவர்

அவள் கணவர் பாலையன் பனையேறி. வேலிக்கு வெளியே, ஓடையைத் தாண்டி ஒரு பனை நின்றது. காலையிலும் மாலையிலும் அதன் உச்சியிலிருந்து அவர் குரல் வரும்.

"ஏட்டி நேசம்மா, சின்னவன் ஆட்டுப்பால் குடிச்சான். மூத்தவன் கஞ்சி குடிச்சானா?"

"குடிச்சான். நீங்க சோறு பொங்கினியளா?"

"பொங்கினேன். கொழஞ்சு போச்சு. ஆட்டுக்கு வச்சேன், அதும் மோந்து பாத்துட்டுப் போயிட்டு."

புண்பட்ட உதட்டோடு ராசையா சிரிப்பான். அவனுக்கு மருந்து கொடுக்க அதுதான் நல்ல நேரம்.

ஒருநாள் சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தார். அண்ணாந்து பார்த்துச் சத்தம் போட்டார். "யாருவே அது? வேலிகிட்ட ஆளு வரப்பிடாதுன்னு உத்தரவு தெரியாதா?"

"வேலிகிட்ட வரல்ல சார். மரத்துக்கு மேலயாக்கும் நிக்காரு. அதுக்கு உத்தரவு ஒண்ணும் இல்லியே" என்றேன். அவர் என்னை முறைத்துவிட்டுப் போய்விட்டார்.

அப்போதுதான் நானும் சரியாகப் பார்த்தேன். அந்த மரத்தில் கலயமே கட்டவில்லை. அட்டெண்டரிடம் கேட்டேன்.

"அது பாளை விடாத மரம் நர்சம்மா. அதுல என்னத்த கெடைக்கும்? அவனுக்க மரமெல்லாம் கெழக்கால நிக்கு."

தன் மரங்களில் எல்லாம் ஏறி அக்கானி என்கிற பதனீரை இறக்கி, மனைவி கருப்பட்டிக்குக் காய்ச்ச வேண்டியதையும் தானே காய்ச்சி, கைப்பிள்ளையையும் பார்த்துக்கொண்டு, அதற்கும் மேல் இந்த வெறும் மரத்தில் ஏறி அந்த மனிதர் வேடிக்கை பேசியிருக்கிறார். அன்றிலிருந்து அவர் குரல் கேட்டால் கைவேலையை நிறுத்திவிட்டு நானும் கேட்பேன்.

3. அறுந்த கயிறு

ஒருநாள் மாலை கோடை மழை கொட்டியது. நனைந்த பனையில் ஏற முடியாது. பாலையன் கேட்டில் ஒரு பொதியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதில் கொஞ்சம் கருப்பட்டி. கூடவே, ஓலையில் மடித்த ஒரு கறுப்புக் கயிறு. சின்னவன் இடுப்பில் நேசம்மை தன் கையால் முடிச்சுப் போட்டுக் கட்டிய அரைஞாண். அது அறுக்கப்பட்டிருந்தது.

இறந்த பிள்ளையின் அரைஞாணை அறுத்துவிட்டுத்தான் எங்கள் பக்கம் குழியில் வைப்பார்கள்.

நேசம்மை எழுந்தாள். "எனக்க பிள்ள போயிட்டு. அதாக்கும் இவரு இண்ணைக்கு மரத்துல ஏறல்ல."

கேட்டை நோக்கி நடந்தவளைக் குறுக்கே போய் மறித்தேன். "பிள்ள நல்லா இருந்தா? நீ போய்த் தொட்டா அதுக்கும் வைசூரி வருமே நேசம்மா. இவனை யாரு பாப்பா?"

"இருந்தா போவமாட்டேன். இருக்கான்னு காட்டுங்க."

நாளைக்குக் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். எப்படி என்று எனக்கே தெரியாது. அட்டெண்டரை அவர்கள் வீட்டுக்கு ஓட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே திரும்பினார்.

"பய தடிச்சு வண்ணம் வச்சிருக்கான் நர்சம்மா. கயிறு இறுகிச்சாம், தகப்பன் அறுத்துட்டு வேற கட்டினானாம். தாய் கண்டு சந்தோசப்படட்டும்னு அனுப்பினானாம்."

போய்ச் சொன்னேன். நேசம்மை என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்களும் அவருகூட சேந்துட்டியளா?"

அன்று அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. விடிந்ததும் பிள்ளையோடு வரச் சொல்லி அட்டெண்டரைப் பாலையனிடம் மறுபடி அனுப்பினேன்.

சொன்னபடியே பாலையன் பிள்ளையோடு அந்தப் பனையின் அடிமூட்டில் வந்து நின்றார். ஓலைவேலி உயரம், உள்ளேயிருந்து பார்க்க முடியாது. "ஏட்டி, கேளு" என்ற குரல் மட்டும் வந்தது. பிறகு சத்தமே இல்லை. நேசம்மை தட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

திடீரென்று ஒரு பிள்ளை வீறிட்டது.

நேசம்மையின் ரவிக்கை பால் சுரந்து நனைந்தது. அவள் குனிந்து அதைப் பார்த்தாள். "அவனாக்கும்" என்றாள். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்துக் கஞ்சி கேட்டாள்.

நான் வேலியோரம் போய்ச் சத்தம் போட்டேன். "ஏன் இவ்வளவு நேரம்? எனக்கு உயிரே போச்சு."

"பய அழுது கரைய மாட்டேங்கான் நர்சம்மா, சிரிச்சிட்டே கெடக்கான். கடைசில தொடையில கிள்ளினேன்."

அதைச் சொல்லும்போது அவர் குரலும் உடைந்துவிட்டது. மறுநாள் அரைஞாணைப் பற்றி நேசம்மை அவரை ஒரு பிடி பிடித்தாள். உச்சியில் நின்று தலை குனிந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

4. கேட் திறந்த நாள்

ராசையா பிழைத்தான். பொருக்கெல்லாம் உதிர்ந்து, டாக்டர் அனுமதி கொடுத்து, தாயும் மகனும் குளித்து வேறு துணி உடுத்தி வெளியே வந்தார்கள்.

அதன்பிறகு எத்தனையோ வார்டுகளில் வேலை பார்த்தேன். காய்ச்சலைப் பார்ப்பதற்கு முன், துணைக்கு நிற்கும் தாயிடம் "வீட்ல யாரெல்லாம் இருக்கா?" என்று கேட்கிற வழக்கம் எனக்கு அந்த ஷெட்டில் வந்ததுதான். இளைய நர்சுகளுக்கு நான் சொல்லிக்கொடுப்பதும் அதைத்தான். அவள் மனது எங்கே கிடக்கிறது என்று தெரியாமல் அவளிடம் மருந்துக் குப்பியைக் கொடுக்காதீர்கள்.

அன்று கேட்டில் பாலையன் பிள்ளையை நீட்டினார். நேசம்மை வாங்கினாள். பிள்ளைக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. தகப்பனைப் பார்த்துக் கையை நீட்டி வீறிட்டு அழுதது. எனக்குத்தான் பொறுக்கவில்லை, வாங்கித் தேற்றலாம் என்று கையை நீட்டினேன்.

அவள் பிள்ளையை இன்னும் இறுக்கிக்கொண்டு சிரித்தாள்.

"கரையட்டு நர்சம்மா. நல்லா கரையட்டு."