தந்தித் தவசியும் நாலு மாசி வீதிகளும்

கீழமாசி. ஒரு தட்டு. தெற்குமாசி. ஒரு தட்டு. மேலமாசி. ஒரு தட்டு. வடக்குமாசி. வில்லாபுரத்து வீட்டு அடுப்படியில் சம்மணம் போட்டு, கண்ணை மூடி, கவிழ்த்து வைத்த பித்தளைச் சட்டியின் முதுகில் வலது ஆள்காட்டி விரலால் தவசி மதுரையைச் சுற்றி வருகிறார். சட்டியில் பருப்பு வேகவைக்க வேண்டும். ரெங்கம்மாள் களைந்த பருப்போடு நிற்கிறாள்.

"இன்னும் எந்த வீதி பாக்கி?"

"முடிஞ்சது. எடு."

இருபத்திரண்டு வருஷமாகத் தந்தி ஆபீஸில் பிறர் வீட்டுப் பிறப்பையும் சாவையும் விரல் நுனியால் அனுப்பிக்கொண்டிருப்பவர். அதனால் ஊரில் தந்தித் தவசி. வார்த்தைக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கும் இலாகாவில் இருந்ததாலோ என்னவோ, சொந்தப் பேச்சிலும் வார்த்தையைச் செலவழிக்கமாட்டார். பெண் பார்க்க வந்த இடத்தில் அவர் வாயிலிருந்து விழுந்தது "சம்மதம். தேதி?" என்ற இரண்டு சொல் மட்டும்தான் என்று ரெங்கம்மாள் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். சித்திரைத் திருவிழா ராட்டினத்தில் ஏறப் பயம். மாடிப்படி இறங்கினால் சுவரை விட்டுக் கை வராது. தெருவில் நிமிர்ந்து நடந்து யாரும் பார்த்ததில்லை. இப்படிப்பட்டவருக்கு வந்து வாய்த்த பொழுதுபோக்கு ஆகாய விமானம் ஓட்டுவது.

விமானம் ஐந்தடிதான். யுத்தத்தின்போது அவனியாபுரத்து விமானத் தளத்திலிருந்து தந்தி கொடுக்க வந்து பழகிய ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய், ஊருக்குக் கப்பல் ஏறும் முன் ஒரு தகரப் பெட்டியை அவரிடம் தள்ளிவிட்டுப் போனான். உள்ளே கைக்கு அடக்கமான பெட்ரோல் இஞ்சின் ஒன்று, சுண்டுவிரல் நீளத்தில் ரேடியோ வால்வு இரண்டு, கரையான் ஓரம் தின்ற ஆங்கிலப் பத்திரிகைகள் பதினொன்று. தரையில் உட்கார்ந்து ஒருவன் பொத்தானை அழுத்த, வானத்தில் விமானம் திரும்புவதாக அவற்றில் படம் போட்டிருந்தது. கம்பியில் அனுப்பியே தலை நரைத்தவருக்குக் கம்பியில்லாமல் ஒன்றை அனுப்பிப் பார்க்க ஆசை வந்துவிட்டது. அதற்கு லைசென்ஸ் வேண்டும். இலாகா விதிகளை எண்ணோடு ஒப்பிக்கக்கூடிய தவசியிடம் லைசென்ஸ் இல்லை.

கூட்டாளி, டவுனில் கடிகாரம் ரிப்பேர் பார்க்கும் சிஹாபுதீன். இருவரும் மாமன் மாப்பிள்ளை என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். முறை எந்த வழியில் வந்தது என்று இருவருக்கும் தெரியாது. மாலை கட்டுகிறவர்களிடம் வாங்கிய நெட்டி, மூங்கில் சிம்பு, பட்டம் ஒட்டும் காகிதம் இவற்றால் உடம்பு ஆயிற்று. வாலைத் திருப்பும் சக்கரம், செத்துப்போன அலாரம் கடிகாரம் ஒன்றின் தானம். அதை மாட்டிய அன்று சிஹாபுதீன் விளக்கினார்:

"தேரு மாதிரி மாப்ள. கீழமாசியில நிக்கிற தேரு பின்னால நடந்து வடக்குமாசிக்குப் போகுமா? நாலு வீதியும் சுத்தித்தான வரணும்? மொத அழுத்து, வாலு வலது. அடுத்தது, நேரு. அதுக்கடுத்தது, எடது. இன்னொண்ணு அழுத்துனா மறுபடி நேரு. இப்ப எங்க நிக்கிறேன்னு வாலு ஒனக்குச் சொல்லாது. நீதான் மனசுல வச்சுக்கணும்."

அன்று முதல் தவசிக்கு வலது என்றால் கீழமாசி, இடது என்றால் மேலமாசி. நேராகப் போவதற்குத் தெற்கும் வடக்குமாக இரண்டு வீதி.

தரையிலிருந்து விமானத்துக்கு அலை அனுப்பும் பெட்டிக்கென்று சிஹாபுதீன் வாசல் மணிப் பொத்தான் ஒன்றைக் கொண்டுவந்தார். தவசி அதைத் தொடவில்லை. ஏலத்தில் எடுத்துப் பரணில் வைத்திருந்த பழைய தந்திப் பொத்தானை இறக்கித் துடைத்தார். "கைக்குப் பழகினது" என்றார். கைக்குப் பழகியதுதான் வினையாகப் போயிற்று. வாசல் மணியை யாரும் அவசரமில்லாமல் ஒரு தடவை அழுத்தலாம். தந்திப் பொத்தானின் மேல் உட்கார்ந்ததும் அந்த விரல் இருபத்திரண்டு வருஷத்து வேகத்தில் ஓடும். அதிலும் போன ஆவணியிலிருந்து அந்த விரலுக்குத் திக்குவாய்.

தந்தி மொழியில் மூன்று புள்ளி தட்ட வேண்டிய இடத்தில் நாலு விழுகிறது. திண்டுக்கல் முனையில் இருப்பவர் 'மறுபடி' என்கிறார். 'லைன் கோளாறு' என்று தவசி பதில் தட்டுகிறார். அந்தப் பதிலிலும் ஒரு புள்ளி கூடிவிடுகிறது. மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் நடுவில் கம்பியில் உட்காரும் காக்கைகள் இந்த ஆறு மாதத்தில் சுமந்த பழி கொஞ்சமல்ல. விரல் கெட்ட சிக்னலரை ஆபீஸில் டாக்டரிடம் அனுப்புவார்கள், டாக்டர் வீட்டுக்கு அனுப்புவார் என்பது தவசிக்குத் தெரியும். விமானம் விடும் அவனியாபுரத்து வானத்திலோ கம்பியே இல்லை. காக்கையின் மேல் பழி போட வழியில்லை. விமானம் 'மறுபடி' என்று கேட்பதும் இல்லை.

அவனியாபுரத்துக் கண்மாயில் இதுவரை ஆறு தடவை விட்டார். ஆறு தடவையும் போவது பிரமாதமாகப் போயிற்று. திரும்பும் நேரத்தில் விரல் ஒன்றுக்கு இரண்டு தட்ட, வலப்பக்கம் திரும்ப வேண்டியது வேறெங்கோ போயிற்று. ஒரு தடவை பனையில் சொருகியது. ஒரு தடவை கமலைக் கிணற்றில் விழுந்தது. ஒரு தடவை, அந்தக் கண்மாயில் ஆடு மேய்க்கும் முத்திருளனின் மந்தைக்கு நடுவே இறங்கி ஆடுகளை நாலு திசைக்கும் விரட்டியது.

"எறங்குற எடத்த மொதல்லயே சொல்லிப்புட்டா ஆட்ட அந்தப் பக்கம் பத்தமாட்டேன்ல, தந்தி ஐயா?" என்றான் முத்திருளன்.

"தெரிஞ்சா சொல்றேன்" என்றார் தவசி.

விரல் விஷயம் சிஹாபுதீனுக்குத் தெரியாது. மாப்பிள்ளைக்கு வீதி மறந்துபோகிறது என்று நினைத்து, வீட்டில் தட்டிப் பழகச் சொன்னார். அந்தப் பயிற்சியில் தவசி எதிர்பாராத ஒரு வசதி கிடைத்தது. பஸ்ஸில் முழங்காலின் மேல் விரல் தானாகத் தட்டும். காப்பி டம்ளரின் மேல் தட்டும். சோற்றைப் பிசையும்போது இலையில் தட்டும். யார் கேட்டாலும் "பழகுறேன்" என்று ஒரே சொல்லில் தீர்த்துவிடலாம். விமானம் உடைய உடைய ஒட்டியதற்கு அந்த ஒரு சொல்லும் காரணம்.

ரெங்கம்மாளிடம் மட்டும் அந்தச் சொல் செல்லவில்லை.

"நீங்க தட்டுறீகளா, அது தானாத் தட்டுதா?"

"பழகுறேன்டி."

"தூங்கும்போதுமா பழகுறீக?"

தவசி சட்டியின் முதுகைத் துடைத்துக் கொடுத்தார்.

தட்டும் தட்டை விமானத்துக்குள் கேட்டு வாங்கும் முதல் வால்வு கிணற்றோடு போயிற்று. இரண்டாவதற்குள் எரிந்த ஊதா மினுக்கம் வரவர வெளுத்துக்கொண்டே வந்தது. சிஹாபுதீன் அதைக் கண்ணாடியில் பிடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இன்னும் ஒரு தடவ தாங்கும் மாப்ள. அதுக்கு மேல அல்லாதான்." சிப்பாய்க்கு எழுதிய மூன்று கடிதத்துக்கும் பதில் இல்லை. அந்த வால்வு மதுரையில் கிடையாது, மதராஸிலும் கிடையாது. ஆக, மிச்சம் ஒரே ஒரு வட்டம். கிளம்பின இடத்துக்கே விமானம் சுற்றி வந்துவிட்டால், விரல் இன்னும் தம் விரல்தான், வராவிட்டால் இல்லை. தவசி யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொண்ட பந்தயம் இது.

மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை காலை. ஆபீஸுக்குப் போடும் கோட்டையே போட்டு, தோளில் துண்டோடு கிளம்பினார். ரெங்கம்மாள் வாசலில் வழிமறித்தாள்.

"இன்னைக்கு ஒடைஞ்சா இதோட விட்டுருவீகல்ல?"

"ம்."

"விட்டதுக்கப்புறம் அந்த விரலுக்கு என்ன சொல்லுவீக?"

தவசி கோட்டுப் பித்தானைப் போட்டுக்கொண்டு இறங்கி நடந்தார்.

அவனியாபுரத்துக்குத் தெற்கே வறண்டு கிடந்த கண்மாயில் மூங்கில் கழி நட்டு ஏரியல் வயர் இழுத்தார்கள். முத்திருளன் கேட்காமலே ஆடுகளைக் கரைமேல் ஏற்றிவிட்டான். தவசி பெட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து பொத்தானில் விரலை வைத்தார். சிஹாபுதீன் இஞ்சினைச் சுண்டிக் கிளப்பி, விமானத்தோடு வடக்கே பத்தடி ஓடிக் கையை விட்டார்.

பனை உயரம் ஏறியது. பனைக்கு மேலும் ஏறியது. தவசி ஒரு தட்டுத் தட்டினார். ஒன்றே ஒன்று. கீழமாசி. வால் திரும்ப, விமானம் வலப்பக்கம் சாய்ந்து கிழக்கே போய், அப்படியே தெற்கு நோக்கி வந்தது. இன்னொரு தட்டு. அதுவும் ஒன்றே ஒன்று. தெற்குமாசி. சாய்வு நிமிர்ந்து நேராக அவர்களுக்குக் கிழக்கே கடந்தது.

"அம்புட்டுத்தான் மாப்ள! பாதி வந்துருச்சு!" சிஹாபுதீன் குதித்தார். "இன்னொரு வலது, வீடு வந்து சேந்துரும்!"

இன்னொரு வலதுக்குத் தேர் மேலமாசி, வடக்குமாசி கடந்து கீழமாசிக்கு வர வேண்டும். சேர்ந்தாற்போல் மூன்று தட்டு. மூன்று புள்ளி. தவசி மூச்சைப் பிடித்துக்கொண்டு தட்டினார்.

விமானம் திரும்பவில்லை. நேராகத் தெற்கே போனது.

"எந்த வீதியில நிக்குது மாப்ள?"

நேரே போகிறது என்றால் தெற்குமாசியாக இருக்கலாம். வடக்குமாசியாகவும் இருக்கலாம். நாலு தட்டினாரா, இரண்டா? நாலென்றால் அடுத்த தட்டில் இடது, இரண்டென்றால் அடுத்த தட்டில் வலது.

"எந்த வீதி மாப்ள? சொல்லு!"

"தெரியல மாமா."

ஒன்று தட்டப் போனார். விரல் ஒன்றில் நிற்கவில்லை. அங்கே விமானம் ஒரு பக்கம் லேசாக அசைந்தது, மறுபக்கம் அசைந்தது, தலையாட்டி விடைபெறுவது போல. பிறகு நிமிர்ந்து, கோடு கிழித்தாற்போல் போய்க்கொண்டிருந்தது. இத்தனை ஒழுங்காக அது என்றும் பறந்ததில்லை. பனைமரங்களைத் தாண்டியது. கடுகாயிற்று. கடுகும் இல்லை. கொஞ்ச நேரம் இஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது, அதுவும் நின்றது.

"தெக்கதான போச்சு?" கரைமேலிருந்து முத்திருளன் கத்தினான். "நான் போய்ப் பாத்துட்டு வாரேன் ஐயா!" ஆடுகளை விட்டுவிட்டு ஓடினான். இன்று அவன் கேலி செய்யவில்லை.

சிஹாபுதீன் வெயிலுக்குக் கண்ணின் மேல் கை வைத்தபடி தெற்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொத்தான்லருந்து கைய எடு மாப்ள. பேட்டரி வீணாப் போகுது."

"எடுத்தாச்சு மாமா."

சிஹாபுதீன் திரும்பினார். பொத்தான் சும்மா இருந்தது. கை தவசியின் மடியில், வேட்டியின் மேல் கிடந்தது. அங்கே ஆள்காட்டி விரல் தட்டிக்கொண்டிருந்தது. மூன்று. நாலு. மூன்று. ஐந்து. சிஹாபுதீன் அந்த விரலைப் பார்த்தார். பிறகு தவசியின் முகத்தைப் பார்த்தார்.

தவசி இடது கையால் தோளிலிருந்த துண்டை இழுத்து, மடிப்பை உதறி விரித்து, வலது கையை மூடினார்.