பதினைந்தாவது கை

எங்கள் வார்டு மெம்பர் வடிவாம்பாள் அக்காவுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. முப்பது வருஷம் ரவிக்கை தைத்த கால், பேரூராட்சிக் கூட்டத்திலும் மேஜைக்கடியில் மிதித்துக்கொண்டே இருக்கும். ஊர்ப் பெயர் வேண்டாம். குற்றாலத்துக்குப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு வரியை ஏற்ற விடமாட்டேன் என்று சொல்லிச் சுயேச்சையாக நின்று பதினோரு ஓட்டில் ஜெயித்தாள். நானும் அதற்காகத்தான் போட்டேன்.

இந்த ஆடியில் பேரூராட்சியில் பணத்துக்குத் தட்டுப்பாடு வந்தது. வீட்டு வரியை ஏற்றலாம் என்றார் தலைவர் வல்லிநாயகம். வரியைத் தொடக்கூடாது, அநாதரவான வயசாளிகள் அறுபது பேருக்குப் போடும் மதியச் சோற்றை நிறுத்தினால் போதும் என்றார் எதிர்த்தரப்புப் பரமசிவன். ஓட்டெடுப்பில் தூக்க ஆளுக்கு ஏழு கை. மிச்சம் அக்காவின் கை.

ஒரு வாரம் அக்காவைப் போட்டுப் பிடுங்கிவிட்டார்கள். ஒரு தரப்பு எங்கள் தெருவுக்குச் சிமெண்ட் ரோடு என்றது. மறு தரப்பு குடிதண்ணீர்க் குழாய் என்றது. அவள் உலையை வைத்துவிட்டுத் தெருவுக்கு வருவாள், பேச்சைப் பாதியில் விட்டு உள்ளே போவாள். நானும் என் பங்குக்குப் போய், கொடுத்த வாக்கை ஞாபகப்படுத்தினேன். என்னைச் சோற்றுக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். தனிக்கட்டையான மாடக்கண்ணு தாத்தா, பாதியைத் தின்றுவிட்டு மீதியை ராத்திரிக்கு இலையில் மடித்துக்கொண்டிருந்தார்.

கூட்டத்தன்று நான் வராந்தாவில் நின்று கேட்டேன். அக்கா எழுந்தாள்.

"வீட்டையும் தொடாண்டாம், சோத்தையும் தொடாண்டாம் அண்ணாச்சி. சீசனுக்கு ரூமு மூணு மடங்கு வாடகைக்குப் போவுதுல்லா. லாட்ஜுக்கு மட்டும் வரியக் கூட்டுங்க. அதுக்கு எவுக சம்மதிக்காகளோ, எங் கை அவுகளுக்கு."

வல்லிநாயகத்துக்கு இரண்டு லாட்ஜ். பரமசிவனுக்கு ஒன்று, மச்சினன் பேரில். அக்காவுக்கும் இது தெரியும். ஆனால் இரண்டு தரப்பும் ஒருநாளும் சேராது, எப்படியும் ஒருவர் தன்னிடம் இறங்கி வந்தாக வேண்டும் என்று நம்பினாள் பாவி.

கூட்டத்தை டீக்கு நிறுத்தினார்கள். தேர்தலிலிருந்து முகம் பார்த்துப் பேசாத இருவரும் டீ ஆறுவதற்குள் ராசியாகிவிட்டார்கள். ஏற்ற நினைத்த வீட்டு வரியில் பாதி. சோறு வாரத்துக்கு மூன்று நாள். பதினான்கு கைகள் உயர்ந்தன. அக்காவின் கை யாருக்கும் தேவைப்படவில்லை.

வெளியே வந்தவள் வீட்டுக்குப் போகவில்லை. செய்தியைத் தானே சொல்ல வேண்டும் என்று சோற்றுக்கூடத்துக்கு வேகுவேகென்று நடந்தாள். நான் பின்னால் போனேன். கை கழுவிக்கொண்டிருந்த மாடக்கண்ணுவிடம், இனிமேல் திங்கள், புதன், வெள்ளி மட்டும்தான் என்று திக்கித் திக்கிச் சொன்னாள். அவருக்குக் கோபம் வரவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

"செவ்வாக்கெழம பசிச்சா யாருட்ட தாயி சொல்லுதது?"

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வரி பாதிதானே ஏறியிருக்கிறது என்று அந்த நேரத்திலும் என் மனசு கணக்குப் போட்டதை நினைத்தால் எனக்கு இன்றும் கூசுகிறது.